பழைய உயர்திறன் கணினியின் நியாய விலை: திருவனந்தபுரத்தை முன்வைத்து

2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் மேசைக் கணினியின் பயன்பாட்டு ஆயுளை 3 ஆண்டுகள் என்று வரையறுத்து, அந்த ஆயுள் முடிந்தபின் எஞ்சும் மதிப்பு பொதுவாக அடக்கவிலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது. வருமான வரித் துறையோ, தொழிலுக்குப் பயன்படும் கணினியின் தேய்மானத்தை, அதாவது ஒரு பொருள் பயன்பாட்டால் ஆண்டுதோறும் இழப்பதாகக் கொள்ளப்படும் மதிப்பை, 40 விழுக்காடு என்று கணக்கிடுகிறது. 2017-இல் 2 இலட்சம் ரூபாய் செலவிட்டுக் கட்டப்பட்ட ஒரு கணினியின்மேல் இந்தக் கணக்கை ஏவினால், முதலாண்டு முடிவில் 1,20,000, மூன்றாம் ஆண்டு முடிவில் 43,200, ஐந்தாம் ஆண்டு முடிவில் 15,552 என்று அது இறங்கிக்கொண்டே வந்து, எட்டாம் ஆண்டு முடிவில் 3,360 ரூபாயளவில் மூச்சு வாங்குகிறது. இவ்விதிகளை வகுத்தவர்களுள் எவரும் தம் கைக்காசைப் போட்டுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர் அல்லர் என்பதை மட்டும் இதிலிருந்து ஐயமற உய்த்துணரலாம்.

ஆராயப்படும் பொருள் இன்னதென்று தெளிவாக்கிக்கொள்வது நலம். உயர்திறன் மேசைக் கணினி பெரும்பாலும் கடையில் ஒரே பெட்டியாக வாங்கப்படுவதில்லை. மையச் செயலியாகிய பிராசசர், அது பொருந்தும் மதர்போர்டு, தற்காலிக நினைவகமாகிய ராம், திரைக்குரிய படங்களைக் கணக்கிட்டுத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளை ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து, துபாயிலிருந்து விடுப்பில் வரும் மைத்துனரின் பெட்டியில் ஒன்றும் எர்ணாகுளத்திலிருந்து கூரியரில் ஒன்றுமாகச் சேர்த்து, கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டுக்குள் நிறம் மாறும் விளக்குகளோடு பூட்டுவதே வழக்கம். 2017-இல் இவ்வகைக் கணினிக்கு இலக்கணமாகக் கருதப்பட்டது, இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ7-7700கே செயலியும், அவ்வாண்டு மார்ச்சில் 699 டாலர் விலையில் வெளிவந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டும் சேர்ந்த இணையாகும். தன் கையால் பூட்டிய பொருளின் விலையில் பூட்டிய உழைப்பையும் சேர்த்துக்கொள்வது மனித இயல்பு. அவ்வுழைப்புக்கென்று வாங்குபவர் ஒதுக்கும் தொகை இதுவரை பூச்சியத்தைத் தாண்டியதாகத் தெரியவில்லை.

உடையவர் தம் பொருளுக்கு ஊரார் மதிப்பதைவிடக் கூடுதலாகவே விலை வைப்பார் என்பதைப் பொருளியலாளர்கள் உடைமை விளைவு என்று குறிக்கின்றனர். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுள் பாதிப்பேருக்குக் காப்பிக் குவளைகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு உடனேயே சந்தை கூட்டியபோது, குவளை கிடைத்தவர்கள் கேட்ட விலை கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிடங்கள் கையில் இருந்த குவளைக்கே இப்பாடு என்றால், எட்டாண்டுகள் உடனிருந்து, இரவு இரண்டு மணிக்கு விளையாட்டில் வென்ற தருணங்களுக்கெல்லாம் சாட்சியாக நின்ற கணினிக்கு எத்தனை மடங்கு என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அளக்கத் துணியவில்லை. மேலும், விற்பனைக்கு வராத பொருளின் மதிப்பு எந்நாளும் ஏறுமுகமாகவே இருக்கும் என்னும் உண்மையைத் திருவனந்தபுரத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2011-இல் உச்சநீதிமன்ற ஆணையின்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, ஒரு குண்டுமணியும் விலைக்கு வராத அச்செல்வத்துக்குச் செய்தித்தாள்கள் ஓர் இலட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டன. திறக்கப்படாமல் விடப்பட்ட அறைக்கோ கற்பனையைத் தவிர வேறு எல்லை இல்லை. கணினியும் அவ்வாறே, விளம்பரம் செய்யப்படும் நாள் வரையில் விலையுயர்ந்ததாக இருக்கிறது.

விளம்பரத்துக்குப் பின் நிகழ்வதை விளக்க, பழைய பொருள் சந்தை பற்றிய புகழ்பெற்ற கோட்பாடு ஒன்றை இங்கு நினைவுகூர வேண்டும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில், பழைய காரை விற்பவருக்கு அதன் குறைகள் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, ஆகவே வாங்குபவர் எதையும் ஐயுற்றுக் குறைந்த விலையே பேசுவார், நல்ல காரை வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வார், முடிவில் ஓட்டை உடைசல்களே சந்தையில் மிஞ்சும் என்று நிறுவினார்; 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவரானார். இக்கோட்பாடு உலகின் பிற பகுதிகளில் செல்லுபடியாகலாம். திருவனந்தபுரத்தில் பழைய கணினியைப் பொறுத்தவரை அது தலைகீழாகப் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு: இங்கு விற்பவரைக் காட்டிலும் வாங்குபவருக்கு அப்பொருளைப் பற்றிக் கூடுதலாகத் தெரியும்.

காரணம் வரலாற்றில் கிடக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதுமுதல் இந்நகரம் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டே வருகிறது; 1939-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 1973-இல் உருவான மின்னணு நிறுவனமாகிய கெல்ட்ரான், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக 1990-இல் கழக்கூட்டத்தருகே எழுந்த டெக்னோபார்க் என்று அடுத்தடுத்து வந்தவை அத்தொகையைப் பெருக்கியவண்ணம் உள்ளன. ஆகவே கணினி பார்க்க வருபவர், ஸ்ரீகாரியத்துக் கல்லூரி மாணவராயினும், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவராயினும், டெக்னோபார்க்கில் இரவுப்பணி முடித்து வருபவராயினும், துணைக்கு ஓர் உறவினரை அழைத்து வருவார். அந்த உறவினர் விண்வெளி மையத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவராக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விண்ணில் ஏவியபின் பழுதுபார்க்க இயலாத கலங்களைச் சோதித்துப் பழகியவரின் முன்னால், ஒரு கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைத் திருகாணி கழற்றித் திறந்துகாட்டுவது என்பது எளிய அனுபவமன்று. நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வரும் தமிழரே இவர்களை ஒப்பிட மென்மையானவர், “அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று தொடங்குபவர்; எனினும், அவரும் தம் பென்டிரைவில் சோதனை மென்பொருளை ஏற்றிக்கொண்டே வருகிறார்.

இவர்கள் கண்டறியும் குறைகள் பலவகைப்படும். கார்டு கிரிப்டோ நாணயம் எடுக்க ஓட்டப்பட்டதா என்பது முதல் ஐயம். எதீரியம் என்னும் நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் கார்டுகளைக் கொண்டு எடுக்கும் முறையைக் கைவிடும்வரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தமையால், அப்பாவிக் கார்டும் தன் ஒழுக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அடுத்தது கடற்காற்று. ஜூனில் ஒரு மழைக்காலமும் அக்டோபரில் மற்றொன்றும் பெறும் இந்நகரில் திருகாணித் தலைகளில் துரு படிவதும், பவர் சப்ளையின் இளஞ்சூட்டை நாடிப் பல்லி முட்டையிடுவதும் அரிதல்ல. பல்லி சொன்ன பலனைக் காட்டிலும் பல்லியிட்ட முட்டைக்கே விலையைக் குறைக்கும் ஆற்றல் மிகுதி. மூன்றாவது மின்சாரம். விளையாட்டின்போது 400 வாட் இழுக்கும் கணினி நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் ஓடினால் 60 நாட்களில் 96 யூனிட் ஆகிறது. இரு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேரள மின்வாரியக் கட்டணச் சீட்டில் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால் படிநிலைச் சலுகை நீங்கி மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்விலை விழும் என்பதை, வாங்குபவர் பென்சிலால் எழுதியே காட்டிவிடுவார்.

நான்காவது குறையே உண்மையில் கனமானது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது; விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியல் இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த 7700கே ஒரு தலைமுறை வேறுபாட்டில் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. முறைப்படி பார்த்தால் இந்நகரத்தில் இது ஒரு பொருட்டாகவே இருக்கலாகாது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கிவைக்கப்பட்டது இவ்வூரில்தான். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளை லினக்ஸில் ஓட்டச்செய்யும் கைட் நிறுவனத்தின் தலைமையிடமும் இங்குதான். பள்ளியில் லினக்ஸிலேயே எழுதிப் பழகிய இளைஞர், விலைபேசும் அரைமணி நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் இன்றித் தம்மால் வாழ இயலாதென்று உறுதியாகக் கூறுவதையும், ஐயாயிரம் ரூபாய் குறைந்தவுடன் அவ்வுறுதி தளர்வதையும் சமூகவியலாளர்கள் கவனிக்க வேண்டும்.

இனி, நியாய விலை எதுவென்னும் வினாவுக்கு வரலாம். விற்பவர் தாம் கொடுத்த 2 இலட்சத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறார். வாங்குபவர் இன்று அதே வேலையைச் செய்யும் மலிவான புதுப்பொருளிலிருந்து எண்ணுகிறார். பின்னவர் கணக்கே சரியானது என்று ஒப்புக்கொள்வதில் வருத்தம் உண்டு, தயக்கமில்லை. 2017-இல் சுமார் 340 டாலருக்கு விற்ற 7700கே செயலியின் நான்கு கருக்களும் எட்டு இழைகளும் செய்த வேலையை, 2020-இல் சுமார் 120 டாலருக்கு வந்த ஐ3-10100 ஏறத்தாழ அப்படியே செய்தது. 1080 டிஐ கார்டின் வேகத்தை ஒட்டி ஓடும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 2021-இல் 329 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. உயர்திறன் என்னும் பட்டத்துக்காகக் கொடுக்கப்பட்ட கூடுதல் தொகை மூன்று நான்கு ஆண்டுகளில் இவ்வாறு கரைந்துவிடுவதால், எஞ்சிய நடுத்தர விலையிலிருந்து உத்தரவாதமின்மைக்கு ஒரு பங்கைக் கழித்தால் கிடைப்பதே நியாய விலை. பில்லும் அட்டைப்பெட்டியும் இருந்தால் சற்றுக் கூடும். விளக்குகள் எத்தனை நிறம் மாறினாலும் கூடாது.

விற்கும் முறையிலும் ஓர் இடர் உள்ளது. முழுக் கணினியாக விற்றால் உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே கிடைக்கும். பிரித்து விற்றால் தொகை கூடும், ஆனால் வருவோரும் பெருகுவர். “லாஸ்ட் எத்ர?” (கடைசி விலை எவ்வளவு?) என்னும் இரு சொற்களோடு உரையாடலைத் தொடங்கி, விடை கிடைத்தவுடன் என்றென்றைக்கும் மௌனமாகிவிடுவோர் இதில் ஒரு வகை. தம்மை ராணுவ அதிகாரி என்று கூறிக்கொண்டு, கணினியைப் பார்க்காமலேயே முழு விலைக்கும் இசைந்து, பணம் அனுப்பவென்று கியூஆர் குறியீடு அனுப்புவோர் மற்றொரு வகை. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்பதை அறியாதவர் அதை இட்டால், கணினியும் விற்காமல் கணக்கிலிருந்த பணமும் போகும். பேரம் பேசாமல் இசைபவர் திருவனந்தபுரத்தாராக இருக்க இயலாது என்னும் எளிய சோதனையே இதற்குப் போதும். இவ்விரு வகையினும் எண்ணிக்கையில் மிக்கோர், வந்து, அமர்ந்து, தேநீர் அருந்தி, நெடுநேரம் பார்த்துவிட்டு, “நாளெ பறயாம்” (நாளை சொல்கிறேன்) என்று எழுந்து செல்பவர்கள். சுமையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் நோக்குகூலி என்னும் வழக்கத்தைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்தது. பின்னரும் 2021-இல் தும்பா விண்வெளி மையத்துக்கு வந்த கனரகக் கருவியின் லாரியை மறித்து 10 இலட்சம் ரூபாய் கேட்டதாக எழுந்த புகார் உயர்நீதிமன்றம்வரை பேசப்பட்டது. பழைய கணினி விற்பவருக்கு மட்டும், பார்ப்பவரிடமிருந்து இக்கூலியைப் பெறும் உரிமையை விதிவிலக்காக அளிப்பது பற்றி அரசு எண்ணிப்பார்க்கலாம்.

எதுவும் ஆகாத நிலையில், மின்கழிவை எடைபோட்டு வாங்கும் ஆக்ரிக்கடை இருக்கிறது. கழிவு சேகரிக்க வீடுதேடி வரும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் இருக்கிறார்கள். கிலோக் கணக்கில் கேபினெட்டின் தகடே கிராபிக்ஸ் கார்டைவிட மதிப்புடையதாகிவிடும் என்பதால் அவ்வழியை உடையவர் எவரும் மனமுவந்து தேர்வதில்லை. இதற்கிடையில் 2025-இன் பிற்பகுதியில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் ராம் விலை உலகெங்கும் பாய்ந்தேறியது, தன் குரூஷியல் என்னும் நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. எட்டாண்டுப் பழைய கணினியில் உறங்கிக்கொண்டிருந்த 32 ஜிபி டிடிஆர்4 ராமுக்கு இதனால் ஒரு மவுசு வந்து, ராமை மட்டும் தனியே தரமுடியுமா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கியிருக்கின்றனர். சரியான நேரத்தில் கிடைத்த இவ்வாய்ப்பை விற்பவர்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று நோக்கினால், அவர்களுள் பெரும்பாலோர் ராமைத் தனியே தருவதில்லை என்று மறுத்துவிட்டு, முழுக் கணினியின் விலையில் பத்தாயிரம் ரூபாயை ஏற்றிவைத்து, அடுத்து வருபவருக்காகத் தேநீருக்குப் பால் வாங்கி வைக்கின்றனர்.