டயரைக் கேட்காத கனவான்களுக்கு

பெறுநர்: மோட்டார் வாகன இன்சூரன்ஸ் பெருமக்கள், லண்டன் மாநகரம், பிரிட்டன்.

பொருள்: பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பழைய இரண்டு சீட்டு கார் வாங்குவது தொடர்பாக.

பார்வை: தங்கள் விண்ணப்பப் படிவமும் அதிலுள்ள எல்லாக் கேள்விகளும்.

மேன்மை தங்கிய ஐயா, அம்மையீர்,

தங்கள் தொழில் நீடூழி வாழ்க. வாழாமல் போகவும் வழியில்லை. 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்த நாள்முதல், தங்களிடம் பணம் கட்டாமல் பிரிட்டனில் ஒரு சாதாரணக் குடிமகன் காரைத் தெருவில் இறக்க முடியாது. வாடிக்கையாளரைச் சட்டமே பிடித்துவந்து வாசலில் நிறுத்தும் தொழில் உலகத்தில் அதிகம் கிடையாது. அப்படியிருந்தும் தாங்கள் விளம்பரத்துக்குச் செலவு செய்வது தங்கள் பெருந்தன்மையையே காட்டுகிறது.

விஷயத்துக்கு வருவோம். பெண்ணுக்கு வயது பதினெட்டு. பெயர் எதற்கு, இவளைப்போல் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாகச் சொன்னால்தான் பாஸ், சொன்னாள். திரையில் ஓடும் காட்சிகளில் எங்கே ஆபத்து முளைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொடுக்கினாள். பரிசோதகரைப் பக்கத்தில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் ஓட்டிக் காட்டினாள். டயரில் எவ்வளவு பள்ளம் இருக்கவேண்டும் என்று அவர் கேட்டபோது, அகலத்தின் நடு முக்கால் பாகத்தில், சுற்றிலும் 1.6 மில்லிமீட்டர் என்று கடகடவென்று ஒப்பித்தாள். கற்றதும் தேறியதும் முன்சக்கரம் இழுக்கும் குட்டி ஹேட்ச்பேக் ஒன்றில். வாங்க நினைப்பதோ பின்சக்கரம் தள்ளும் மஸ்டா எம்எக்ஸ்-5. 2002 மாடல், 1.6 லிட்டர், பல கை மாறிய வண்டி.

இந்த வண்டியின் ஜாதகம் தங்களுக்குத் தெரியாததல்ல. பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மஸ்டாக்காரர்களிடம் ஒரு யோசனை சொன்னார்: ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் செய்துகொண்டிருந்த மலிவான, லேசான, கூரை திறக்கும் வண்டியை இப்போது யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்களேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவின் பதில் வந்து நின்றது. எஞ்சின் முன்னால், உந்துதல் பின்னால், எடை ஒரு டன்னுக்குள். பிரிட்டிஷ் முன்னோர்களிடமிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை: எண்ணெய் ஒழுகாது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

வேகத்தை நினைத்துத் தாங்கள் நடுங்க வேண்டியதில்லை. 1990-களின் நடுவில் பிரிட்டனில் விற்ற அடிப்படை மாடலுக்கு 90 குதிரைத்திறன்கூட இல்லை. இவள் பார்த்த வண்டிக்கு 110 சொச்சம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போகும் டீசல் கார் சிக்னலில் இதை முந்திக்கொண்டு போகும். ஆனாலும் தங்கள் ஏட்டில் அது ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுகிறவள் பதினெட்டு வயது. இரண்டையும் பெருக்கினால் வரும் பிரீமியம் காரின் விலையைத் தாண்டுகிறது. காரை வாங்கி நிறுத்திவைப்பது மலிவு, ஓட்டுவதுதான் ஆடம்பரம்.

அவள் வண்டி பார்க்கப் போன விதத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடி-யில் அந்த வண்டி எதற்கெல்லாம் தோற்றது, எதற்கெல்லாம் எச்சரிக்கை வாங்கியது என்பதை, பதிவு எண்ணைத் தட்டினால் அரசாங்கமே காசில்லாமல் காட்டுகிறது. முழுவதையும் படித்துவிட்டுத்தான் கிளம்பினாள். போனதும் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, மண்டியிட்டாள். இந்த வண்டியின் பரம்பரை நோய், கதவுக்கடியில் ஓடும் தகடு பின்சக்கரத்தைத் தொடும் இடத்தில் இருக்கிறது. துணிக்கூரையில் விழும் மழைத் தண்ணீர், சீட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளைகள் வழியாக இறங்கி வெளியேற வேண்டும். சருகும் அழுக்கும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினாள். நல்ல இரும்பு ‘டங்’ என்றது. புட்டி பூசி மூடிய இடம் ‘தொப்’ என்றது. ‘தொப்’ என்ற வண்டியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போனாள்.

அந்த வேறொன்றின் தகடு கெட்டியாக இருந்தது. அதன் சொந்தக்காரர், வருஷத்துக்கு ஆயிரம் மைல்கூட ஓட்டியதில்லை, டயரில் பள்ளம் அப்படியே இருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டார். அவள் குனிந்து டயரின் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தாள். 1209. அதாவது 2009-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் பிறந்த டயர்.

இந்த நான்கு இலக்கங்களிடம் தாங்கள் சற்று நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் வெளியே வரும் வண்டியின் டயர் தேய்வதில்லை, காய்கிறது. வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகுகிறது. ஈரத்தில் பிடிப்பு குறைகிறது. எம்ஓடி ஆய்வாளர் பள்ளத்தை அளப்பார். வெட்டு, வீக்கம், நார் தெரிகிற வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். காருக்கு டயரின் வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. 2012-ல் சர்ரே மாவட்டத்தில் ஒரு சொகுசுப் பேருந்து விபத்தில் மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த முன் டயருக்கு வயது பத்தொன்பது. இறந்தவர்களில் ஒருவரின் தாய் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களில் பத்து வயதைத் தாண்டிய டயருக்குத் தடை வந்தது. கார்களுக்கு வரவில்லை.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில், ஈரமான ரவுண்டானாவில் அதிகப்பிரசங்கித்தனமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூக்கு வெளியே போகும்; பயந்துபோய்க் காலை எடுத்தால் பெரும்பாலும் தானே திரும்பி வரும். பயமே வைத்தியம். பின்சக்கர வண்டியில் தள்ளுகிற வேலையும் வளைவில் பிடித்து நிற்கிற வேலையும் அதே இரண்டு டயர்களுக்கு. இறுகிப்போன ரப்பர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டால் வால் பக்கவாட்டில் வீசுகிறது. அப்போது பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் மேலும் லேசாகி, வண்டி முழுச்சுற்றுச் சுற்றிவிடும். வழுக்கும் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது மூளைக்குப் புரியும்; கைக்குப் பழகியிருக்காது. வழுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி 2014 நவம்பரிலிருந்துதான் ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. அவள் கைக்காசுக்கு எட்டும் எம்எக்ஸ்-5-களில் பெரும்பாலானவை அதற்கு வெகுமுன்னால் பிறந்தவை.

இப்போது தங்கள் படிவத்துக்கு வரலாம். மொய் எழுதுகிற பெரியவர்கூட இத்தனை விசாரிக்க மாட்டார். கல்யாணம் ஆயிற்றா? வீடு சொந்தமா? வேலை என்ன? ராத்திரி வண்டி எங்கே தூங்கும்? எத்தனை மைல் ஓட்டுவாய்? கடைசிக் கேள்விக்குக் குறைவாகச் சொன்னால் தொகை குறையும். ஆக, டயரைக் காயவைத்துக் கெடுத்த அதே சும்மா நிற்கும் பழக்கத்துக்குத் தாங்கள் தள்ளுபடி தருகிறீர்கள். டயரின் வயதைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

வேலை என்ற கட்டத்தில் ஒரு சித்து வேலை நடக்கிறது. ஒரே சமையலறையில் அதே கரண்டியைப் பிடிப்பவர் தன்னை ‘செஃப்’ என்பதா, ‘சமையலறை ஊழியர்’ என்பதா என்பதைப் பொறுத்துத் தொகை ஏறி இறங்கும். பொய் சொல்லாமலே எந்தப் பட்டம் மலிவு என்று சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

அடுத்தது அம்மா. அம்மாவையும் ஓட்டுநராகப் பெயர் சேர்த்தால் பல சமயம் பிரீமியம் இறங்குகிறது. முதுகுவலிக்காரியான அந்த அம்மா தரையோடு தரையாக இருக்கும் இந்த வண்டிக்குள் உட்காரவும் மாட்டார், உட்கார்ந்தால் எழவும் மாட்டார். இருந்தாலும் காகிதத்தில் அவர் ஏறியதும் மகள் பத்திரமாகிவிடுகிறாள். அதே அம்மாவை முதன்மை ஓட்டுநர் என்று எழுதிவிட்டால் மட்டும் அது மோசடி. பாலிசியே செல்லாமல் போகலாம். தாயின் அருள் எந்த வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பதில் தாங்கள் கறாரானவர்கள்.

பெண் என்பதால் சலுகை கிடையாதா என்று அவள் கேட்டாள். பாட்டி காலத்துக் கதை. பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லி, 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்து விலை போடுவது நின்றது. அதற்கு முன்னால் இளம் பெண்கள் இளம் ஆண்களைவிடக் குறைவாகக் கட்டினார்கள். சமத்துவத்துக்கான கட்டணத்தை இவள் மாதத் தவணையில் செலுத்துகிறாள். அந்தத் தொகைக்கு மேல் அரசாங்கத்துக்கு 12 சதவீத வரி வேறு. 1994-ல் 2.5 சதவீதமாகத் தொடங்கியது, 2017-லிருந்து 12-ல் நிற்கிறது. பிரீமியத்தின் மேல் போடும் வரி ஆகையால், ஐம்பது வயது வங்கி அதிகாரியைவிட இந்த மாணவி கஜானாவுக்கு அதிகம் தருகிறாள். அவளுடைய தேசபக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது.

வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தும் தொகை மாறும். அதைப் பற்றித் தமிழர்கள் வாழும் லண்டன் பகுதிகளில் கேட்டுப் பாருங்கள், நீளமாகச் சொல்வார்கள். கறுப்பினத்தவரும் தெற்காசியரும் நிறைந்த வட்டாரங்களில் பிரீமியம் கூடுதலாக இருப்பதை 2022-ல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு எழுத்தில் கொண்டுவந்தது. இனத்தைப் பார்த்து விலை போடுவதில்லை என்பது தங்கள் பதில்.

தங்கள் பக்க நியாயமும் இருக்கிறது. இளையவர்கள் அதிகம் மோதுகிறார்கள், அதிலும் இரவில், நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது. தங்கள் பணப்பெட்டியைக் காலி செய்வது நசுங்கிய பம்பரல்ல. வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பயணிக்கான இழப்பீடு. சரி, அப்படியானால் ஒரு சின்னக் கணக்கு. மலிவான பிரீமியத்துக்குத் தாங்கள் தள்ளிவிடும் ஹேட்ச்பேக்கில் அவள் நான்கு நண்பர்களை ஏற்றலாம். எம்எக்ஸ்-5-ல் ஒருவர்தான். இரண்டாமவருக்கு இடம் கேட்டால் மஸ்டாவிடம்தான் கேட்கவேண்டும்.

பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும் என்பீர்கள். ‘பாஸ் பிளஸ்’ என்று குறைந்தது ஆறு மணி நேரத் திட்டம் இருக்கிறது. சிலர் தள்ளுபடியும் தருகிறீர்கள். அதில் எல்லாப் பருவநிலையிலும் ஓட்டுவது ஒரு பாடம். உள்ளூர் நிலைமை இடம்கொடுக்காவிட்டால் பாடத்தை வாய்வழியாகவும் நடத்தலாம் என்பது விதி. மழை பெய்யாத நாளில் மழையைப் பற்றிப் பேசிக் கலைவார்கள். பிரிட்டனில் மழைக்குக் காத்திருப்பது அவ்வளவு கடினமா என்று கேட்கக்கூடாது.

வழுக்குத் தரையில் விட்டுப் பழக்கினால் என்ன? நார்வே 1979-ல் அதைக் கட்டாயமாக்கியது. பிறகு ஆராய்ந்தால், வழுக்குச் சாலைகளில் இளைஞர்களின் விபத்து குறையவில்லை; கூடியது. வால் வீசினால் பிடித்துவிடலாம் என்ற தைரியத்தோடு வேகமாகப் போயிருக்கிறார்கள். பின்னால் நோர்டிக் நாடுகள் பாடத்தைத் திருப்பிப் போட்டன: மீட்கும் வித்தையை விட்டுவிட்டு, எவ்வளவு சுலபமாகக் கை மீறும் என்பதை உணரவைப்பதில் இறங்கின. ஆகவே திறமையை நம்பித் தள்ளுபடி தரச் சொல்லவில்லை. ரப்பரை நம்பித் தரச் சொல்கிறோம். ரப்பருக்குத் தன்னம்பிக்கை வந்து கெட்டுப்போகாது.

ரப்பர் விஷயத்திலும் தங்களுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2010-ஐ ஒட்டிப் பனி கொட்டிய குளிர்காலங்களில் சிலர் பொறுப்பாகக் குளிர்கால டயர் மாட்டினார்கள். அதைத் தங்களில் சிலர் ‘வண்டியில் செய்த மாற்றம்’ என்று கணக்கில் எடுத்தார்கள். பெரிய சைலன்சர் மாட்டுவதும் பிடிப்புள்ள டயர் மாட்டுவதும் ஒரே பட்டியலில். கூச்சல் எழுந்த பிறகு, தங்கள் சங்கமே எந்த நிறுவனம் என்ன செய்யும் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டி வந்தது.

அவள் அந்த 1209-ஐக் காட்டிப் பேரம் பேசி, இறக்கிய பணத்தில் நான்கு நல்ல டயர் மாட்டினாள். படிவத்தைத் திரும்ப நிரப்பிப் பார்த்தாள். தொகை ஒரு பென்னி இறங்கவில்லை. அம்மாவைச் சேர்த்தாள். இறங்கியது.

ஆகவே வேண்டுகோள்: டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களை எழுதச் சொல்லி ஒரு கட்டம் சேர்க்கவும். இடம் போதாவிட்டால் கல்யாணம் பற்றிய கேள்வியை எடுத்துவிடலாம்.

மற்றொரு விளக்கமும் தேவைப்படுகிறது. 1990-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த முதல் எம்எக்ஸ்-5-களுக்கு 2030-ல் நாற்பது வயதாகிறது. நாற்பது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குச் சாலை வரி கிடையாது, எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. துருவுக்குப் பேர்போன வண்டியை யாரும் தூக்கிப் பார்க்கவேண்டாம் என்று அரசே சொல்லும் அந்த நேரத்தில், அவளும் இருபதுகளில் இருப்பாள்; வருஷத்துக்குச் சில ஆயிரம் மைல் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கான தங்கள் ‘கிளாசிக்’ பாலிசிக்குத் தகுதி பெறுவாள். பிரீமியம் பல மடங்கு இறங்கும் என்று கேள்வி. இதைவிடப் பழைய, சோதனையே இல்லாத வண்டிக்கு மாறிக்கொள்ள அவள் இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கலாமா என்பதைத் தயவுசெய்து எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மண்டியிட்டு டயர் எண்ணைப் படிப்பவர்கள் சார்பில்
ஒரு மனுதாரர்