கடல் அன்னையும் போர்த் தண்ணியும்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியர். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து சொந்த ஊரைப் பற்றிச் செல்போனிலேயே ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தபோது, வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்ன தகுதி என்கிறீர்களா? பள்ளியில் புரொஜெக்டரை அணைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். போடத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

உப்பளம் என்பது பிள்ளைகள் எடுத்த முடிவு. குழுவில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அளத்துக்குப் போகிறவர். ஆக, விஷயம் தெரிந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தெரியாதவன் கரும்பலகைப் பக்கம் நின்று ஸ்கிரிப்ட் எழுதினான். ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளத் தொழிலாளர்களை நேரில் வந்து பார்த்துப் பேசித்தான் ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். நாவலைப் படித்துவிட்டதால் எனக்கு நேரில் போகிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

‘கடல் அன்னை தன் மக்களுக்கு அள்ளித் தரும் வெண்முத்துகள்!’ இது என் முதல் வரி. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “சார், எங்க அளத்துல போர்த் தண்ணி சார்.”

உண்மைதான். தூத்துக்குடியில் பல அளங்களுக்குக் கடல் தண்ணீர் வருவதில்லை. நிலத்துக்கடியில் இருக்கும் உப்பு நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். ‘ஆழ்துளைக் கிணற்று அன்னை’ என்று எழுதிப் பார்த்தேன்; ஓசை உதைத்தது. “இதெல்லாம் கவிதை நயம்டா” என்று பையனை உட்கார வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கடற்கரையில் அலைகளைப் படம் பிடிக்க வைத்தேன்.

ஜூனில் தொடங்கிய ஸ்கிரிப்ட் திருத்தம் காலாண்டுத் தேர்வு தாண்டியும் ஓடியது. அக்டோபர் கடைசியில் அளத்துக்குப் போய் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மழைத்தண்ணீர். உப்பு விளைவது ஏறக்குறைய ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரைதான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி கரைந்துவிடும், வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது என்பதிலிருந்தே நிலவரத்தை ஊகிக்கலாம். வரப்போரக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். எந்த டாக்குமெண்டரிக்காரனுக்கும் கிடைக்காத வாய்ப்பு அது: பேச நேரமுள்ள மனிதர்கள், சொல்ல ஒரு பஞ்ச காலம். நான் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “உப்பே இல்லையேம்மா. உப்பு வந்ததும் வாறோம்.”

உப்பு வந்தது. பிள்ளைகளைத் தயார்ப்படுத்த ஃபரிதா பாச்சா எடுத்த ‘மை நேம் இஸ் சால்ட்’ (2013) பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். குஜராத்தின் சிறிய ரண் பாலையில் ஒரு குடும்பம் உப்பெடுப்பதை ஒரு பருவம் முழுக்க, பேச்சு அதிகமில்லாமல், கூடவே இருந்து காட்டுகிற படம். பொறுமைதான் ஆவணப்படத்தின் உயிர் என்று முடித்துவிட்டு, படப்பிடிப்புக்குச் சனிக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை நேரம் ஒதுக்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு வேன் திரும்பிவிட வேண்டும்.

பத்து மணிக்குப் போனால் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “இப்பம் வாரீயளே சார், வேலை முடிஞ்சிட்டுல்லா?” வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண் திறக்க முடியாது என்பதால் அவர்கள் இருட்டோடு வந்து வேலையைத் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூட மணிதான் உலகத்துக்கே மணி என்று பழகியவனுக்கு இது தோன்றவில்லை. குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். “அப்புறம் ஏன்டா சொல்லல?” என்றேன். “நீங்க கேக்கல சார்.”

ஒருவழியாக விடியுமுன் போய்ச் சேர்ந்த நாளில் ஒளிப்பதிவையும் நானே மேற்பார்த்தேன். பளீரென்று வெள்ளையாக இருக்கிறதே, வெளிச்சத்தைக் குறை என்றேன். செல்போன் கேமரா, எதிரே இருப்பது எதுவானாலும் சராசரிச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டு ஒளியைச் சரிசெய்யும் ஜாதி. வெள்ளையைக் கண்டால் தானாகவே குறைக்கும். அது குறைத்தது போதாதென்று நானும் குறைத்தேன். படத்தில் உப்பு, சிமெண்ட் நிறத்தில் வந்தது. மனித முகங்கள் வரவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திரையில் விரலை வைத்து மேலே இழுத்தது. உப்பு வெள்ளையானது, முகத்துக்குக் கண் வந்தது.

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதை ஒரு பெரியவர் விளக்கிக்கொண்டிருந்தார். உப்புச் செறிவைக் காட்டும் அளவில் கடல் நீர் சுமார் 3 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பிடிக்கும். 30ஐ நெருங்க விட்டால் கசப்பு இறங்கிவிடும், அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அருமையான பேச்சு. பிறகு கேட்டால், அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒருவன் “ம்ம்… ஓ… சரி சரி… அப்படியா!” என்று கத்திக்கொண்டிருக்கிறான். காற்றின் இரைச்சலைக்கூடக் கைக்குட்டை சுற்றிக் குறைத்துவிட்டார்கள். என்னைச் சுற்றக் கைக்குட்டை இல்லை.

உப்புச் சட்டியைத் தலையில் சுமந்து வந்த ஓர் அக்காவிடம், ஃபோகஸ் தப்பிவிட்டதால், “இன்னொரு தடவை வாங்களேன்” என்றேன். ஆவணப்படங்களின் முன்னோடி ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியே ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922) படத்தில் துப்பாக்கி வைத்திருந்த மனிதர்களை ஈட்டியால் வேட்டையாடிக் காட்டச் சொன்னவர் என்று மனசுக்குள் சமாதானம் வேறு. அக்கா சட்டியை இறக்காமலே கேட்டார்: “இந்த நடைக்குக் கூலி யாரு தருவா?” ஃபோகஸ் தப்பிய காட்சியே படத்தில் இருக்கிறது.

பேட்டி என் கோட்டை என்று நம்பியிருந்தேன். “தங்கள் வாழ்வில் சந்திக்கும் துயரங்களைக் கூறுங்கள்” என்றேன். “துயரமா? நல்லாத்தான் இருக்கோம் சார்” என்று அதே அக்கா முடித்துக்கொண்டார். அப்போது குழுவில் ஒரு பெண் குறுக்கே கேட்டாள்: “அத்தை, வீட்டுல கொழம்புக்கு எந்த உப்பு போடுவீய?” அவ்வளவுதான். பாக்கெட் உப்புதான் என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006இல் வந்த விதி, தான் வாரிய உப்பே எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தெருக்கடைக்கு விலையோடு திரும்பி வரும் வேடிக்கை, பாதத்தில் ஆறாத வெடிப்பு, சாயங்காலமானால் மங்கும் பார்வை, மழை மாதங்களில் வாங்கிய கடன் என்று பேச்சு மடை திறந்தது. அது என் போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. போனில் இடமில்லை. உறவினர் குழுக்களிலிருந்து நாள்தோறும் வந்து சேர்ந்த ‘காலை வணக்கம்’ ரோஜாக்கள் அத்தனையையும் அன்போடு சேமித்து வைத்திருந்தேன். ஃப்ளாஹெர்ட்டி 1916இல் சிகரெட் நெருப்பைத் தவறவிட்டு 30,000 அடி ஃபிலிமை எரித்துக்கொண்டார். அவருக்கு நெருப்பு, எனக்கு ரோஜா. கடன் பற்றிய பேச்சில் பாதி போயிற்று.

மிஞ்சியதைப் பிள்ளைகள் ஏழு நிமிடமாக வெட்டி ஒட்டினார்கள். உப்பு உற்பத்தியில் தமிழகமே முதலிடம் என்று நான் எழுதியிருந்ததை, குஜராத்துக்கு அடுத்த இடம் என்று அவர்களே திருத்திவிட்டார்கள். கடல் அன்னையை மட்டும் என் முகத்துக்காக விட்டுவைத்தார்கள்.

அளத்து ஆட்கள் குடியிருக்கும் தெருவில் வேட்டி கட்டித் திரையிட்டோம். அலைகள் புரண்டு வந்ததும் முன்வரிசையில் ஒருவர், “இது எந்த அளம்?” என்று கேட்டார், தெரு சிரித்தது. மற்றபடி, தங்கள் முகம் வந்த இடங்களில் பெயர் சொல்லிக் கூவினார்கள். குழம்பு உப்புக்கு அமைதியாக இருந்தார்கள். “ஐப்பசியில வந்திருந்தா இதைவிட நிறைய சொல்லியிருப்போமே” என்றார் ஒரு பாட்டி. ‘வந்தோம் பாட்டி’ என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடின. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என எல்லாம் பிள்ளைகள் பெயர். என் பெயரைத் தேடினேன். கடைசி வரியில், ‘வேன் ஏற்பாடு’ என்பதற்கு எதிரே இருந்தது. அதுவும் தகவல் பிழை. வேன் பிடித்துக் கொடுத்தது பி.டி. சார்.