வம்பும் வினைமுற்றும்: தொடக்கநிலை ஓட்டக்காரரின் வேகம் குறித்து ஓர் ஆய்வு

நெடுந்தூரம் ஓடப் பழகுவோருக்கான நூல்கள் காலணியைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசும். முழங்காலுக்கு ஓர் இயல், நுரையீரலுக்கு ஓர் இயல், வாழைப்பழத்துக்குக்கூட அரைப்பக்கம் ஒதுக்கும். வாயைப் பற்றி மட்டும் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஓடுகிறவரின் உறுப்புகளில் ஓயாமல் உழைப்பது அதுதான் என்பதைக் கடற்கரையில் காலை வேளையில் நின்று பார்த்தவர் அறிவர். இந்த அநீதியைக் களைய எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுச் சிக்கல் இது: நேற்றுவரை ஓடாத ஒருவர் ஐந்து கிலோமீட்டரோ பத்துக் கிலோமீட்டரோ ஓட ஆசைப்பட்டால் எந்த வேகத்தில் தொடங்க வேண்டும்? கருதுகோள்: வம்பு பேச முடிகிற வேகத்தில். அதற்கு மேல் ஒரு காலடியும் கூடாது.

களம்: மெரினாவில் காமராஜர் சாலையோர நடைபாதை, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. காலம்: விடியலுக்குச் சற்று முன்பிருந்து பொங்கல் ஆறும்வரை. பேருந்தைப் பிடிக்க ஓடுவோரும் கடன் கொடுத்தவரைக் கண்டு ஓடுவோரும் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

முதலில் காரணம். பேச்சு, வெளியே போகும் மூச்சில் பிறப்பது. மெதுவாக ஓடும்போது மூச்சு நிதானமாக இருக்கும்; அதில் ஒரு பகுதியைப் பேச்சுக்குக் கடனாகக் கொடுக்க உடலுக்குத் தயக்கமில்லை. வேகம் கூடக்கூடத் தசைகள் வெளியிடும் கரியமில வாயுவை வெளியேற்றுவதே மூச்சின் முழுநேர வேலையாகிவிடும். ஒரு கட்டத்தில் மூச்சு சட்டென்று எகிறும். பேச்சு துண்டு துண்டாகும். உடற்பயிற்சி அறிவியலார் இந்த எல்லையை மதிக்கிறார்கள். அதைக் கண்டறியும் முறைக்குப் பேச்சுச் சோதனை என்றே பெயர். அந்த எல்லைக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும், உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகும், இதயம் ஒரே துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகும். நெடுந்தூர ஓட்டத்தின் முதலீடு முழுவதும் இங்கேதான் சேர்கிறது. தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலோர் இந்த எல்லையைத் தாண்டிப் பாய்ந்து, இரண்டாவது மின்கம்பத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "நமக்கு ஓட்டம் ஒத்துவராது" என்று தீர்ப்பெழுதிவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஒத்துவராதது ஓட்டமன்று, அந்த வேகம்.

தமிழருக்கு இச்சோதனை பிறரைவிடக் கடுமையானது என்பது இவ்வாய்வின் புதிய கண்டுபிடிப்பு. ஆங்கிலத்தில் வினை முன்பாதியிலேயே வந்துவிடுகிறது. பேசுகிறவருக்கு நடுவில் மூச்சு முட்டினாலும் செய்தியில் பாதி போய்ச் சேர்ந்திருக்கும். நம் வினைமுற்றோ வாக்கியத்தின் கடைசியில் காத்திருக்கிறது. "சார், நம்ம மூணாவது மாடி பேங்க் மேனேஜர் இருக்காரே, அவரோட ரெண்டாவது பையன், பெங்களூர்ல வேலைன்னு சொல்லிட்டு, அப்பாகிட்ட பணத்த வாங்கிட்டு, நேரா கோயம்புத்தூர் போயி, அங்க யாருக்கும் தெரியாம..." என்று எச்சமாக அடுக்கிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் மூச்சிழந்தால் கேட்டவர் கதி என்ன? பையன் கடை வைத்தானா, கல்யாணம் செய்துகொண்டானா, கம்பி எண்ணுகிறானா? அடுத்த அரைக் கிலோமீட்டரை அந்த மனிதர் எப்படி நிம்மதியாக ஓடுவார்?

ஆகவே விதி இவ்வாறு வகுக்கப்படுகிறது: வினைமுற்றை எட்டவிடும் வேகமே தொடக்கநிலையாளருக்குரிய வேகம். இதை முற்றுநிலை என்க. எச்சங்களோடு வாக்கியம் அறுந்துபோவது எச்சநிலை. சில மாதம் பழகியவர்கள் வாரத்தில் ஒருநாள், அதுவும் சிறிது நேரம், இங்கே போய்வரலாம். "ம்", "ஆமா", "அடப்பாவி" என்று மட்டும் வருவது இடைச்சொல் நிலை. போட்டியின் கடைசிக் கிலோமீட்டருக்கு உரியது. அடுத்து வருவது சைகை நிலை. அதற்கு உரை எழுத வேண்டியவர் மருத்துவர்.

இக்கருதுகோளுக்கு வரலாற்றுச் சான்று உண்டா என்று கேட்கலாம். உண்டு. நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் பெரும் பயிற்சியாளராக உயர்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஓடவிட்டவர் லிடியார்ட். ஆக்லாந்தில் நடுவயதினரையும் இதய நோயாளிகளையும் கூட்டி மெல்லோட்டம் பழக்கினார். 1962-ல் அமெரிக்காவிலிருந்து பில் பௌவர்மேன் என்ற பயிற்சியாளர் அங்கே வந்தார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவரையும் அந்தக் கூட்டத்தோடு ஓட அழைத்தார்கள். ஏற்றத்தில் அவர் பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட முதியவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தம் வேகத்தைக் குறைத்து, அவருடன் பேசிக்கொண்டே வந்தார். பேசியவர் முதியவர், திணறியவர் நாடறிந்த ஓட்டப் பயிற்சியாளர். பௌவர்மேன் ஊர் திரும்பி மெல்லோட்டத்தைப் பரப்பத் தொடங்கியதற்கு அந்தக் காலை நேர அவமானமே காரணம் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

இரண்டாவது சான்று இன்னும் பெரியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 5,000, 10,000 மீட்டர்களில் தங்கம் வாங்கிவிட்டு, அதுவரை ஒருமுறைகூட ஓடிப்பார்க்காத மாரத்தானிலும் இறங்கினார். முன்னால் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தவர் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். அப்போது உலகிலேயே மிக வேகமான மாரத்தான் ஓட்டக்காரர். அவரை எட்டிப்பிடித்த சாட்டோபெக், "இந்த வேகம் சரிதானா?" என்று மரியாதையாகக் கேட்டார். களைத்துப்போயிருந்த பீட்டர்ஸ், வேகம் போதாது என்று வீம்புக்குச் சொல்லிவைத்தார். சாட்டோபெக் அதை அப்படியே நம்பி முன்னேறிவிட்டார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். சாட்டோபெக் வழியில் போவோர் வருவோருடன் பேசியபடியே ஓடி 2 மணி 23 நிமிடத்தில் வென்றார். இதிலிருந்து இரண்டு பெறப்படும். ஒன்று, முழு வாக்கியத்தில் கேள்வி கேட்க முடிந்தவனுக்கு வண்டியில் இன்னும் எரிபொருள் இருக்கிறது. மற்றொன்று, உன் வேகம் சரிதானா என்று பக்கத்தில் ஓடுபவரைக் கேட்காதே. அவர் என்ன நிலையில் இருக்கிறாரோ.

இனி மறுப்புகள். "கையில் கடிகாரம் கட்டியிருக்கிறேன், அது கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று துல்லியமாகச் சொல்கிறதே, வம்பு எதற்கு?" என்பார் உளர். கடிகாரத்துக்குச் சென்னையின் மே மாதம் தெரியாது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும், உடம்பு குளிராது. சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்பியாக வேண்டும், காலுக்கும் அனுப்பியாக வேண்டும். ஜனவரியில் சுகமாக இருந்த அதே வேகம் மே மாதத்தில் சித்திரவதையாவது இதனால்தான். முந்தைய இரவின் பிரியாணி, பக்கத்து மண்டபத்து மைக்செட், அலுவலகத்தில் வாங்கிய பேச்சு எதுவும் கடிகாரத்தில் ஏறாது. வம்பில் ஏறும். வழக்கமான வேகத்தில் வாக்கியம் முடியவில்லையென்றால் இன்று வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மின்னூட்டம் வேண்டாத கருவி இது.

"இவ்வளவு மெதுவாக ஓடினால் நடப்பவர்களே என்னை முந்துகிறார்கள்" என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். மெரினாவில் கைகளை வீசி நடக்கும் ஓய்வுபெற்றவர்களின் வேகம் அஞ்சத்தக்கது. ஆயினும் மெதுவுக்கு எல்லை எது என்பதை 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் தீர்த்துவைத்திருக்கிறது. ஜப்பானின் ஷிசோ கனகுரி வெயில் தாங்காமல் மாரத்தானின் நடுவே ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். 1967-ல் சுவீடன்காரர்கள் அவரை அழைத்துவந்து எல்லைக்கோட்டைத் தாண்டவைத்தார்கள். அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. இதைவிடக் குறைந்த நேரத்தில் முடிப்பவர் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டே வினைமுற்றை எட்ட முடியாதவர்கள் நடுவில் நடக்கலாம், குற்றமில்லை. 1996-ல் ஜோஷ் கிளார்க் என்பவர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் முதல் வாரமே 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்றுதான் தொடங்கும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். வம்பு நோக்கில் இது மிகப் பொருத்தமான பகிர்வு. ஓடும்போது ஒருவர் சொல்வார்; நடக்கும்போது மற்றவர் "அப்புறம்?" என்பார்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஒரு வேதவாக்கு உலவுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புது ஓட்டக்காரர்களை இரு பிரிவாக்கிச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரம் பயின்றவர்களிலும், வழக்கமான 8 வாரப் பயிற்சி பெற்றவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயம்பட்டார். விதியில் மந்திரம் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் நிதானம் தேவை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும்; தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மாதத்தில் வம்பு அருவியாகக் கொட்டும்போதுதான் கணுக்கால் முறையிடும். இரு காலிலும் பரவலாக வலித்தால் ஓரிரு நாளில் தீரும். ஒரே இடத்தில் விரல் வைத்து "இங்கே" என்று காட்ட முடிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வம்பை நாற்காலியில் தொடரலாம்.

எடைக் குறைப்புக்காக ஓடுவோருக்கு ஒரு கசப்பான இடைக்குறிப்பு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ மனிதர் ஐந்து கிலோமீட்டர் ஓடிச் சேர்த்த 350 கலோரியை, நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் ஒரே அமர்வில் வட்டியோடு வசூலித்துவிடும். காபியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, மனம் வரவில்லை.

தனியே ஓடுவோர் என்ன செய்வது? தமக்குத் தாமே உரக்க எதையாவது சொல்லிப் பார்க்கலாம். ஆத்திசூடி இதற்கு உதவாது. இரண்டு மூன்று சொல்லில் முடிந்துபோவதால் மூச்சு வாங்குகிறவரும் தேறிவிடுவார். கந்த சஷ்டி கவசம் பொருத்தமானது. சூலமங்கலம் சகோதரிகள் பாடியது ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். புதிதாகப் பழகுபவருக்கு ஒருநாள் ஓட்டத்துக்கு அதுவே போதும். துரத்துகிற தெருநாய் முன்னால் மட்டும் எதையும் ஓதாமல், ஓட்டத்தை நிறுத்தி நின்றுவிடுவது நல்லது. நாய் ஓடுகிறவரைத்தான் துரத்தும்.

இருவராக ஓடுவோர் காற்றின் திசையை அறிந்திருத்தல் வேண்டும். அதிகாலையில் கடலைவிடத் தரை குளிர்ந்திருப்பதால் காற்று கடலை நோக்கி வீசும். சொல்பவர் சாலைப் பக்கமும் கேட்பவர் கடல் பக்கமும் ஓடினால் செய்தி சேர வேண்டியவரைச் சேர்ந்து, மிச்சம் வங்கக்கடலில் கரையும். இடம் மாறி ஓடினால் குரலை உயர்த்த வேண்டிவரும்; அது பின்னால் வரும் மூன்றாவது மாடிக்காரர் காதில் விழக்கூடும்.

எஞ்சியிருப்பது சரக்குத் தட்டுப்பாடு. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் பத்துக் கிலோமீட்டருக்கு 80 நிமிட வம்பு தேவை. அரை மாரத்தானுக்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம். மார்கழியில் கவலையில்லை. ஓட இதமான குளிரும் இருக்கும், எந்தப் பாடகர் எங்கே சறுக்கினார், எந்த சபா கேன்டீனில் கூட்டம் என்ற பேச்சும் இருக்கும். தையிலும் மாசியிலும் கல்யாணங்கள் கைகொடுக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, புழுக்கமோ குறையவில்லை. ஒரே அலுவலகத்து நால்வர் சேர்ந்து ஓடும் குழுக்கள் இந்த மாதத்தில்தான் கலைகின்றன. எல்லாருக்கும் தெரிந்த கதையை எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேறுவேறு அலுவலகம், வேறுவேறு தெரு என்று ஆள் சேர்ப்பதே வழி. கல்யாணத் தரகர் ஒருவர் ஓட ஒப்புக்கொண்டால், அவருக்கு வேண்டிய காலணியை மற்றவர்கள் பங்குபோட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம்.