போனஸில் ஒரு சுவர்

கூடலூர் பக்கம் ஓவேலியில் அம்மா கொழுந்து பறித்த காலத்தில் சேமிப்பு என்றால் முதலில் மளிகைக்கடைப் பற்றை அடைப்பது. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போய்க் கணக்கை முடிப்பார். மிஞ்சியதில்தான் குலுக்கல் சீட்டும் அஞ்சலக ஆர்.டி.யும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வந்து கூரையடியில் அடுக்கிவிட்டால் மழைக்காலம் முழுக்க விறகுச் செலவு இல்லை. தேயிலைக்கு இடையில் முளைத்த கீரை குழம்புக்கு. இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்தால் சாக்கை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைப்பார்.

இதெல்லாம் கஞ்சத்தனம் இல்லை. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் கண்டிப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். அதற்குள் தலைக்கு மேல் சொந்தக் கூரை வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கணக்கு.

கைக்கெட்டிய விலைக்குக் கிடைத்த இடமோ பிரிவு 17 நிலம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் இழுபறியில் நிற்கும் பூமி, பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் வங்கி வாசலில் நிற்க முடியாது. ஆகவே தீபாவளி போனஸ் வரும்போதெல்லாம் ஒரு சுவர் எழுந்தது. 2000 வாக்கில் பச்சை இலை விலை கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு விழுந்து வேலை நாள் குறைந்தபோது, ஜன்னல் வைக்காத ஓட்டையில் தார்ப்பாய் தொங்கியது. "பேர் விழாத நாளும் அடுப்பு எரியணும்டா" என்பார்; பேர் விழாத நாள் என்றால் வேலை கிடைக்காத நாள். சீட்டுப் பணத்தில் கைவைக்காமல் அந்த வருஷங்களைக் கடத்தினார். வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி என்று சட்டம் சொல்லும் பணிக்கொடை, அலைந்து திரிந்த பிறகே கைக்கு வந்தது. அதில் ஷீட் போட்டுக் குடிபுகுந்தார். பட்டா இல்லாவிட்டாலும், எஸ்டேட் கிளம்பு என்று சொல்ல முடியாத வீடு, கடன் ஒரு ரூபாய் இல்லை. எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய பணச் சுதந்திரம் யாரும் அடைந்ததில்லை.

அக்கா மகள் இப்போது கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிறாள். மாதம் பிறந்ததும் எஸ்.ஐ.பி. போய்விடும், ஆறு மாதச் செலவுக்குத் தனிக் கணக்கு, நாற்பத்தைந்தில் வேலையை விடுவது திட்டம். பாட்டி அடுப்புக்குச் சொன்னதைத்தான் இவள் செயலியில் செய்கிறாள் என்று எனக்குப் பெருமை. ஆனால் எப்போது வேலையை விடுவது என்று இவளே தீர்மானிக்கலாம். அம்மாவுக்கு அந்தத் தேதியை எஸ்டேட் தீர்மானித்தது.

போன வருஷம் பாட்டி வீட்டு ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று வங்கிக்குப் போனாள். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு எல்லாம் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசியில் பட்டா கேட்டார்கள். இப்போது கூடலூர்ப் பெண்களோடு சேர்ந்து குலுக்கல் சீட்டுப் போட்டிருக்கிறாள்.