குதிரைவாலி சார்

எங்கள் தெருவில் அவரைக் குதிரைவாலி சார் என்றுதான் சொல்வோம். காதுபடச் சொன்னாலும் வருத்தப்பட மாட்டார். தினை, சாமை, வரகு, பனிவரகு எல்லாம் இருக்கிறதே, அவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களிடம் காலமெல்லாம் 'முடியாது' என்று சொல்லிப் பழகிய வாய், இப்போது அடுத்தவர் வீட்டு இட்லியைப் பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் வயிற்றில் 220 காட்டிய சர்க்கரை 120-க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை பாதியாகியிருக்கிறது. அதே சமயத்தில்தான் காலையில் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்தார்; ராத்திரி பதினோரு மணிக்கு டி.வி. முன்னால் மிக்சர் கொறிப்பதையும் நிறுத்தினார். ஆனால் பேரும் புகழும் மொத்தமாகக் குதிரைவாலிக்கே போய்ச் சேர்ந்தன. போகட்டும். தனக்குக் கிடைத்த நல்லதை நாலு பேரிடம் சொல்லத் தோன்றுவது மனுஷ சுபாவம். 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அதுவும் இந்தியா கேட்டுக்கொண்டு. அந்த வருஷம் முழுக்கத் தெருவில் யாராலும் அவரை எதிர்த்து வாய் திறக்க முடியவில்லை. "நானா சொல்றேன்? ஐ.நா. சொல்லுது சார்!"

இந்த மாதிரி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். உங்கள் தெருவில் அது வாஸ்துவாக இருக்கலாம், தியானமாக இருக்கலாம், கட்சியாகவோ சாமியாகவோகூட இருக்கலாம். சரக்குதான் வேறு, ஆள் ஒரே ஆள்தான். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு வாக்கியம் போதும், எந்த வீட்டு அடுப்படிக்கும் சாவி கிடைத்துவிடும்.

அவர் வீட்டுக்கு வருகிற அழகைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். "என்ன, ரீஃபைண்டா?" என்பார், உள்ளே பிணம் கிடக்கிற தோரணையில். ஹாலில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நேராக அலமாரி. எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பொடி எழுத்தை வாய்விட்டுப் படிப்பார். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்வார். காப்பி வரும். அவருக்குக் கருப்பட்டிக் காப்பி. அதில் குறையில்லை, நாமே கேட்டுப் போட்டதுதான். அதற்கப்புறம்தான், நம் டம்ளருக்குச் சர்க்கரை போட ஸ்பூன் எடுத்தால், டப்பா மேலிருக்கிற கையை எடுக்க மாட்டார். சிரித்துக்கொண்டேதான் இருப்பார். கை மட்டும் அங்கேயே இருக்கும்.

அவர் வீட்டு ஹாலில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பச்சைத் துண்டுப் பெரியவர் 2013-இல் காலமாகும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டு மாறியவர்கள் மாறினார்கள்; மாறாதவர்கள் வீட்டு டப்பாவை அவர் பறிமுதல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விவாதத்தில் சாரை ஜெயிக்க முடியாது. மைதாவில் அலாக்ஸான் இருக்கிறது, அதைக் கொடுத்துத்தான் ஆய்வுக்கூடத்து எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைக்கிறார்கள் என்பார். எலி சமாச்சாரம் நிஜம்தான். பரோட்டா தின்கிறவனுக்கும் அதனால்தான் வருகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டால், "வாட்ஸ்அப்ல அனுப்புறேன்" என்று எழுந்துவிடுவார். ஒருநாள் நானும் பதிலுக்கு ஒன்று வைத்திருந்தேன். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டுப் பகுதியில் 10 யானைகள் செத்துப்போயின. பூஞ்சை பிடித்த வரகை மேய்ந்ததுதான் காரணம் என்றது பரிசோதனை. இதைச் சொல்லிவிட்டு வெற்றிக்களிப்போடு பார்த்தேன். அவர் அசரவில்லை.

"யானைக்கு அளவு தெரியாது சார். நாம ஒரு கப்தானே சாப்பிடறோம்."

சார் மகள் கல்யாணத்தில்தான் விஷயம் தெருவுக்கு வந்தது. வரகுப் புளியோதரை, சாமைப் பொங்கல், கறுப்புக் கவுனி அல்வா, கருப்பட்டியில் தினைப் பாயசம். ரசத்துக்கும் மோருக்கும் வெள்ளைச் சோறு ஒரு பருக்கை கிடையாது. சிலர் முணுமுணுத்தார்கள். நான் சார் கட்சி. அவர் பணம், அவர் பந்தி, அவர் நம்பிக்கை. பிடிக்காதவன் மொய் எழுதிவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பலாம். அவர் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பந்திக்கூடத்துக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு வாசலில் மைக்கைப் பிடித்தார். அரிசி நம்மை எப்படிக் கெடுத்தது என்பது தலைப்பு. உள்ளே இலை போட்டாயிற்று, வெளியே ஜனம் நிற்கிறது. கைக்குழந்தைகள் வீரிடுகின்றன. முகூர்த்தத்துக்காக விடியற்காலையில் கிளம்பிய சர்க்கரைக்காரர்கள், அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களேதான், மயக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பேச்சு முடிந்து, சாப்பாடும் முடிந்து, மண்டபத்துக்கு எதிரே இருந்த பரோட்டா கடையில் பாதிக் கல்யாணத்தைப் பார்த்தேன். பட்டு வேட்டியில் சால்னா படாமல் சாப்பிடுவது எப்படி என்று பலரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெரு வக்கீல் பரோட்டாவைப் பிய்த்தபடி சட்டம் சொன்னார். 1977-லேயே உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்த்துவிட்டதாம்: தன் மதத்தை எடுத்துச் சொல்லிப் பரப்ப அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது, அதற்காக அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை எவருக்கும் கிடையாது. "குதிரைவாலி மதமா சார்?" என்று ஒருவர் கேட்டார். "இன்னைக்குக் கதவைச் சாத்தினாரே, அப்புறமும் சந்தேகமா?" என்றார் வக்கீல். (அந்தத் தீர்ப்பையே சீர்வை போன்ற சட்ட மேதைகள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அதை எடுத்துச் சொல்ல நினைத்தேன், அதற்குள் முட்டை பரோட்டா வந்துவிட்டது.)

சாரின் வீட்டம்மா வாதாடவே மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு, சார் குறட்டை விடும் நேரம் பார்த்து, கறிவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டு ஒரு காப்பி குடிப்பார். கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு மரம் நிற்கிறது.

போன தையில் எதிர்வீட்டுக்கு ஒருவர் குடிவந்தார். பேலியோக்காரர். காலையில் எண்ணி நூறு பாதாம், மத்தியானம் முட்டையும் கறியும், ராத்திரி பன்னீர். தானியம் என்ற பேச்சே வீட்டில் கிடையாது. வந்த வாரமே சாரைப் பிடித்துவிட்டார். "தினையோ அரிசியோ, உள்ளே போனா எல்லாம் மாவுச்சத்துதான் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இன்னையிலிருந்து நிறுத்துங்க." ஒரு டப்பா வெண்ணெயையும் கையில் திணித்திருக்கிறார். சார் என்னிடம் வந்து கொதித்தார்.

"நான் என்ன சாப்பிடணும்னு இவர் யார் சார் சொல்றதுக்கு? அடுத்தவன் இலையில கை வைக்கிறது என்ன நாகரிகம்?"

எனக்கு வாய் வரவில்லை. அதில் அவர் கொண்டுவந்த வரகு முறுக்கு இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் சார் அடங்கினாற்போல் இருந்தார். என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள், முளைகட்டிய கேழ்வரகு மாவு இரண்டு கிலோவோடு வந்து நின்றார். மகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, மரியாதையாகத்தான் சொன்னாள்: "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அங்கிள். தண்ணிகூட வேண்டாமாம்."

சார் தலையாட்டினார். "கரெக்ட்தாம்மா. டாக்டர் சொன்னா அதுதான் சட்டம். நான் குறுக்கே பேசவே மாட்டேன்" என்றார். மாவுப் பையைத் திரும்பக் கையில் எடுத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு எட்டு வைத்தவர், வாசல்படியில் நின்று திரும்பினார்.

"சரி, நீ என்ன சாப்பிடறே?"