சம்மட்டியைக் கீழ வையும், மருமவனே!

மருமவனே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடும். பாபநாசம் அணையைத் தொறந்து கால்வாய்ல தண்ணி வந்தாச்சு. ஊரே பிசான நெல்லுக்குச் சேத்துல தொழி அடிக்க எறங்கிட்டு. நம்ம தெருவுல மட்டும் விடிஞ்சதுல இருந்து டங்கு டங்குன்னு சத்தம். கோயில் கொடையோன்னு வந்து பாத்தா, நீரு பவர் டில்லர் சக்கரத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கீரு. டயரைக் கழத்திட்டுத் தொழிக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டணும், டயர் கழல மாட்டேங்கு. அப்படித்தான? நல்ல வைராக்கியமுள்ள சக்கரம்வே!

அடியும், நான் தடுக்கலை. அச்சு முனையிலயே குறிபாத்து அடியும். முனை நசுங்கி விரிஞ்சுதுன்னா, பொறவு இந்த ஜென்மத்துல சக்கரம் அந்த வழியா வராது. அடியும் அச்சோட நிக்காது. உள்ள பேரிங்கு, கியர் வரைக்கும் போயி நலம் விசாரிச்சிட்டுத்தான் ஓயும். ஆயில் சீலும் போச்சுன்னா கியர் பெட்டிக்குள்ள சேத்துத் தண்ணி குடிவந்துரும். லேத்துப் பட்டறைக்காரரு மாடி எடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. உம்ம சம்மட்டியை நம்பித்தான் சொல்லியிருப்பாரு போல.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடப்பிடாது. பூட்டுப் போல்ட்டைக் கழத்தினீரா? எந்தப் போல்ட்டுன்னு என்னையே கேக்கீரா? சரியாப் போச்சு! அந்தச் சேத்தைச் சொரண்டும். அந்தா, குழல் மேல ஒரு தலை எட்டிப் பாக்குல்லா, அதான். ஆறு பட்டை அச்சுல சக்கரக் குழலைக் கோத்து, குறுக்க போல்ட்டைப் போட்டுப் பூட்டியிருக்கான். பூட்டின வீட்டை முட்டு முட்டுன்னு முட்டிட்டு, கதவுக்குத் திமிருன்னு சொன்ன மாதிரில்லா இருக்கு உம்ம காரியம்!

சக்கரத்தை வைது என்ன செய்ய? கார் நெல்லுக்குத் தொழி அடிச்சு முடிஞ்ச கையோட கேஜ் வீலைக் கழத்தி, அச்சைத் தொடைக்காம, ஒரு விரல் கிரீஸ் தடவாம, சேறோட சேறா டயரை ஏத்தினது யாரு? சேறு ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கிடுச்சு, ஒர உப்பு வேற கூடச் சேந்துச்சு. இரும்பு துருவாயிட்டுன்னா பழைய எடம் அதுக்குப் பத்தாது, பல மடங்கு கேக்கும். அச்சுக்கும் குழலுக்கும் நடுவுல இருந்த மயிரிழைச் சந்துல அது உக்காந்து ஆப்பு வச்சிருக்கு. வரவழைச்சு உக்கார வச்சது நீரு.

இப்பச் செய்ய வேண்டியதைக் கேளும். எஞ்சினை நிறுத்திட்டு, சக்கரம் தரையில இருக்கையிலயே போல்ட்டை இளக்கும். அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை போடும். பொறவு தூக்கி, கியர் பெட்டிக்கு அடியில மரக்கட்டையைக் கொடுத்து, இளக்கின போல்ட்டை முழுசா உருவிரும். கட்டைக்குப் பதிலாச் செங்கல் வேண்டாம், அது சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். டீசலும் கழிவு ஆயிலும் கலந்து குழல் வாயில விடும். சின்னச் சுத்தியலால குழலைச் சுத்தி லேசாத் தட்டும். அதிர அதிர எண்ணெய் எறங்கும். அதுக்குப் பொறவு ஒண்ணுஞ் செய்யாதீரும். அதுதான் உமக்குப் பெரிய கஷ்டம், தெரியும். ராத்திரி பூரா ஊறட்டும். எங்க வீட்டு நாத்தே வயசேறி நிக்கி, நானே பொறுக்கேன். நீரு பொறுக்கப்பிடாதா?

காலையில புல்லரைப் போடும். அதோட கால்கள் குழல் விளிம்பைக் கவ்வணும், நடுத்திருகு அச்சு முனையைத் தள்ளணும். கொஞ்சம் முறுக்கும், நிறுத்தும், திருகு தலையில ஒரு தட்டு. மறுபடி முறுக்கும். ‘டக்’குன்னு சத்தம் வாரப்ப மூஞ்சியை நேரா நீட்டிக்கிட்டு நிக்காதீரும்.

அதுக்கும் அசையலையா? கொதிக்கிற தண்ணியைக் குழல் மேல மட்டும் ஊத்தும், அச்சுல படாம. 30 மில்லிமீட்டர் துளை அந்தச் சூட்டுல விரியிறது, ஒரு மில்லிமீட்டரை 100 பங்கு வச்சா அதுல 2 பங்கு சொச்சந்தான். சிரிக்காதீரும். உள்ள உக்காந்திருக்கது துரு, யானை இல்ல. அந்த இத்துனூண்டு அசைவுலயே புடி விட்டுரும்.

கேஸ் வெல்டிங் நெருப்பைக் கொண்டாறேன்னு மட்டும் சொல்லிராதீரும். டயரோட இருக்க சக்கரத்தைக் காய்ச்சினா உள்ள ரப்பர் கருகி வாயு கெளம்பி, குண்டா வெடிச்சிரும். காத்தைப் புடுங்கி விட்டாலும் நம்பப்பிடாது. உங்கம்மைக்கு யாரு பதில் சொல்லுவா?

கழண்டதும் அச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கிரீஸைத் தாராளமாத் தடவும். திரும்ப டயர் மாட்டுறப்ப வலதை இடதுல கோத்துராதீரும், பட்டைத் திசை மாறி வயல்ல வழுக்கிக்கிட்டு நிப்பீரு.

எங்க கெளம்பீட்டீரு? புல்லர் வாங்க டவுனுக்கா? அந்தத் துட்டை வச்சிக்கிடும். எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு கெடக்கு. முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவையும் நின்னு கேட்டிருப்பீராக்கும்? வாடகை ஒண்ணும் வேண்டாம். சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு? கேஜ் வீல் மாட்டினதும் முத தொழி மாமன் வயல்ல, அம்புட்டுத்தான். டீசல் உம்மது.