வயதைச் சொல்லாத அட்டை: ஆதார் ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம், புது தில்லி

பொருள்: ஹோட்டல் அறை வாடகையில் மூத்த குடிமக்கள் தள்ளுபடி பெற, வயதை நிரூபிக்க வழி கேட்டல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

60 வயதானால் ஒருவர் மூத்த குடிமகன் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ரயில்வே இந்தச் சட்டத்துக்கு முன்பிருந்தே முதுமையை மதித்து வந்தது. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று கட்டணத்தைக் குறைத்துவந்த அந்தச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. மிச்சமிருப்பது சில ஹோட்டல்கள் மனமிரங்கித் தரும் தள்ளுபடிதான்.

ராமேஸ்வரம் போகிற ஒரு பெரியவர் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறார். நரைத்த தலை, கையில் தடி, பை நிறைய மாத்திரை. இதெல்லாம் சான்றாகுமா? “சீனியர் சிட்டிசன் ரேட்டுன்னா ஆதார் குடுங்க சார்” என்கிறார் மேசைத் தம்பி. பெரியவரும் நீட்டுகிறார்.

அட்டையில் தங்கள் கைவண்ணம்! ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்கோ பிறந்த தேதிக்கோ அல்ல என்று புதிய அட்டைகளில் தாங்களே அச்சடித்திருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் அதையே சுற்றறிக்கையாகவும் விட்டீர்கள். அடுத்த மாதமே வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் வயதைக் கணக்கிட ஆதாரை ஒதுக்கிவிட்டுப் பள்ளிச் சான்றிதழை ஏற்றது உச்ச நீதிமன்றம். ஆக, வயது விஷயத்தில் ஆதாரை நீதிமன்றம் நம்பவில்லை, பி.எஃப். அலுவலகம் நம்பவில்லை, அச்சடித்த தாங்களும் நம்பவில்லை. அந்த மேசைத் தம்பி ஒருவர்தான் நம்புகிறார். அவருக்கு விருதே தரலாம்.

அடுத்து ஜெராக்ஸ். ஹோட்டலும் திரையரங்கும் ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று 2022 மே 27-ல் தங்கள் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி 29-ஆம் தேதியே அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் அறை எடுத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்! கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் என்று ஒன்றைத் தாங்கள் தருவது உண்மைதான். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நீட்டினால், “முழு நம்பர் தெரியணும் சார்” என்று பதில் வருகிறது.

பெரியவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வயதுக்குப் பாஸ்போர்ட், ஓய்வூதியப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் எதைக் காட்டினாலும் ஏற்கும்படி ஹோட்டல்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும், ஜெராக்ஸ் வேண்டாம் என்று இன்னொரு வரி. அந்த அறிவிப்பை இந்த முறையாவது இரண்டு நாளில் திரும்பப் பெறாமல் இருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
60-ஐத் தாண்டியும் முழு வாடகை கட்டுவோர்